எடைக்கல்லும் மாவு டப்பாவும்

தசையைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், பாஸ்டன் நகரத்து முதியோர் மறுவாழ்வு இல்லம் ஒன்றில் 1990களின் தொடக்கத்தில் நடந்த ஓர் ஆய்வு எனக்கு நினைவுக்கு வரும். மரியா ஃபியட்டரோனி என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் அந்த இல்லத்தில் வாழ்ந்த 100 பேரை நான்கு பிரிவாகப் பிரித்தார்கள். சராசரி வயது 87. கைத்தடியோ நடைச்சட்டமோ சக்கர நாற்காலியோ இல்லாமல் நடமாட முடியாதவர்கள்தான் பெரும்பாலோர். ஒரு பிரிவினர் வாரத்துக்கு மூன்று நாள் இடுப்பு, முழங்கால் தசைகளுக்கு எடைப் பயிற்சி செய்தார்கள். ஒப்புக்குச் செய்த பயிற்சி அல்ல. அவரவரால் ஒரே ஒரு தடவை தூக்க முடிகிற அதிகபட்ச எடையில் 80 சதவீதம். இரண்டாவது பிரிவினர் எடையைத் தொடவில்லை, நாள்தோறும் 240 மில்லி சத்துபானம் குடித்தார்கள். சோயா புரதம் சேர்த்தது, 360 கலோரி. மூன்றாவது பிரிவுக்கு எடையும் பானமும். நான்காவது பிரிவுக்கு இரண்டும் இல்லை.

பத்து வாரம் கழித்து அளந்து பார்த்தார்கள். எடை தூக்கியவர்களின் தசை பலம் சராசரியாக 113 சதவீதம் கூடியிருந்தது. தூக்காதவர்களுக்கு 3 சதவீதம். மாடிப்படி ஏறும் திறன் 28 சதவீதம் உயர்ந்தது, நடை வேகம் கிட்டத்தட்ட 12 சதவீதம். சத்துபானத்தை மட்டும் குடித்தவர்களுக்கு இவற்றில் எதிலும் பலன் இல்லை. இதைவிடவும் என்னை யோசிக்க வைத்தது இன்னொரு தகவல். ஒரு நாளில் உள்ளே போன மொத்தக் கலோரி, பானமும் குடித்து எடையும் தூக்கிய பிரிவினருக்குத்தான் குறிப்பிடும்படி கூடியது. வெறும் பானம் குடித்தவர்கள் அந்த அளவுக்குத் தட்டில் மிச்சம் வைத்துவிட்டார்கள். உழைக்காத உடம்பு, கொடுத்த சத்தையே வேண்டாம் என்று ஒதுக்கியிருக்கிறது.

1994இல் வெளிவந்த ஆய்வு இது. அதற்குப் பிறகு புரதப் பவுடர் என்பது உலகம் முழுக்க ஒரு பெருந்தொழிலாக வளர்ந்துவிட்டது. நம் ஊர் மருந்துக்கடை அலமாரியிலும், ஜிம் வரவேற்பு மேஜையிலும், அந்தக் கறுப்பு டப்பாக்கள் வரிசையாக நிற்கின்றன. டப்பாவில் புடைத்த தோள்களோடு ஓர் இளைஞன் படம். வாங்குகிறவனும் இளைஞன்தான். என் கருத்து இதுதான்: புரதமும் எடைப் பயிற்சியும் யாருக்கு அதிகம் தேவையோ அவர்கள் இந்தக் கடைப் பக்கம் வருவதே இல்லை, வருகிறவர்களுக்கு டப்பா அநேகமாகத் தேவையில்லை. இந்த இரண்டு தவறும் ஒரே இடத்திலிருந்து பிறக்கின்றன. தசை எப்படி உண்டாகிறது என்பதைப் பற்றி நமக்கிருக்கும் தப்பான கணக்குதான் அந்த இடம்.

தசையை நான் ஏரி மாதிரி நினைத்துப் பார்க்கிறேன். வெளிப்பார்வைக்கு நின்ற நீர். உண்மையில் ஒரு பக்கம் வரத்து, ஒரு பக்கம் போக்கு. தசையின் புரதம் ஒவ்வொரு மணி நேரமும் கரைந்துகொண்டும் புதிதாகச் சேர்ந்துகொண்டும் இருக்கிறது. சாப்பிட்டதும் வரத்து மேலோங்கும். பட்டினியில் போக்கு மேலோங்கும். நாள் முடிவில் இரண்டும் சமமானால் தசை அப்படியே இருக்கும். இந்த வரவு செலவை நேரில் அளக்க முடியும். எடை கூடிய அணு ஒன்றை அடையாளமாக வைத்த அமினோ அமிலத்தைக் கை நரம்பு வழியாக ஏற்றி, தொடையிலிருந்து ஊசி மூலம் மிளகளவு சதைத் துணுக்கு எடுத்து, அந்த அடையாளம் எவ்வளவு தசைக்குள் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். அந்தத் தடித்த ஊசியை ஆய்வுக்கூடங்களில் பரவலாக்கியவர் யோனாஸ் பெர்க்ஸ்ட்ரோம் என்ற ஸ்வீடன் மருத்துவர், 1960களில்.

ஸ்டூவர்ட் பிலிப்ஸ் என்ற ஆய்வாளரும் சகாக்களும் 1997இல் இந்த முறையில் அளந்தார்கள். ஒரே ஒரு கடுமையான எடைப் பயிற்சிக்குப் பிறகு தசைப் புரதம் உருவாகும் வேகம் 3 மணி நேரத்தில் 112 சதவீதம் கூடியிருந்தது. ஒரு நாள் கழித்தும் 65 சதவீதம் கூடுதல். இரண்டு நாள் கழித்தும் 34 சதவீதம். அதாவது திங்கட்கிழமை தூக்கிய எடை புதன்கிழமை வரை தசைக்குள் வேலை செய்துகொண்டிருக்கிறது. ஆனால் அந்த ஆய்வில் பங்கேற்றவர்கள் வெறும் வயிற்றில் இருந்தார்கள். அதனால் கரைவதும் கூடியிருந்தது. நிகரக் கணக்கு முன்பைவிட மேம்பட்டதே தவிர, கழித்தலில்தான் நின்றது. கூட்டலாக மாற உணவு வேண்டும். பயிற்சி என்பது வரத்துக் கால்வாயைத் தூர்வாரும் வேலை, புரதம் மழை. கால்வாய் தூர்ந்து கிடக்கும் ஊரில் எவ்வளவு பெய்தாலும் ஏரி நிரம்புவதில்லை. தூர்வாரிவிட்டு மழைக்காகக் காத்திருப்பதிலும் பயனில்லை. தேவைக்கு மேல் சாப்பிட்ட புரதத்தை உடம்பு சேமித்து வைப்பதும் இல்லை. அதில் எரியக்கூடியது எரிந்துபோகும், அதன் நைட்ரஜன் யூரியாவாகிச் சிறுநீரில் வெளியேறும். கலங்கல் வழியாகப் போகும் நீர் அது.

மழை எவ்வளவு போதும் என்பதற்கு நம்பகமான விடை 2018இல் கிடைத்தது. கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் பிலிப்ஸின் குழு, குறைந்தது ஆறு வாரம் நடந்த 49 எடைப் பயிற்சி ஆய்வுகளை ஒன்றுசேர்த்து அலசியது. மொத்தம் 1,863 பேர். வெறும் பயிற்சியால் மட்டும், ஒரு தடவை தூக்கும் அதிகபட்ச எடை சராசரியாக 27 கிலோ கூடியிருந்தது. புரதச் சப்ளிமெண்ட் சேர்த்துக்கொண்டவர்களுக்கு அதற்கு மேல் கிடைத்தது 2.5 கிலோ. கொழுப்பு நீங்கலான உடல் எடை பயிற்சியால் 1.1 கிலோ கூடியது. புரதம் அதில் இன்னும் 300 கிராம் சேர்த்தது. பலன் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எடை தூக்கியதால் வந்ததற்கும் டப்பாவால் வந்ததற்கும் உள்ள விகிதத்தைப் பாருங்கள். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.6 கிராம் புரதம் என்ற அளவோடு அந்தப் பலனும் நின்றுவிட்டது. சாப்பாடு, பவுடர் எல்லாம் சேர்த்துத்தான் இந்த 1.6. ஆளுக்கு ஆள் ஏறக்குறைய இருக்கலாம் என்று அந்த ஆய்வாளர்கள் கொடுத்த வரம்பின் மேல்நுனி 2.2. ஜிம் மாஸ்டர்கள் புதிதாகச் சேரும் பையனிடம் கிலோவுக்கு இரண்டு கிராம் என்று சொல்வது அந்த மேல்நுனியை ஒட்டித்தான். மேலும், புரதத்தின் கூடுதல் பலன் ஏற்கெனவே பழகியவர்களிடம்தான் அதிகம் தெரிந்தது, புதியவர்களிடம் குறைவு. நம் ஊரில் இது தலைகீழாக நடக்கிறது. சேர்க்கைக் கட்டணத்தோடு முதல் நாளே டப்பாவும் கைக்கு வந்துவிடுகிறது.

இந்த முடிவுகளை நம் வீட்டுக்குள் எடுத்துவரும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த 49 ஆய்வுகளில் பங்கேற்றவர்கள் ஆரம்பத்திலேயே கிலோவுக்குச் சராசரி 1.4 கிராம் புரதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஏற்கெனவே பாதிக்கு மேல் நிரம்பிய ஏரி. ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரையில் வளர்ந்தவர்களுக்கான அளவு கிலோவுக்கு 0.83 கிராம். நம் வீடுகளில் பலர், குறிப்பாக வயதான பெண்கள், இதையே எட்டுவதில்லை. அவர்களுக்குப் புரதத்தைக் கூட்டுவதால் வரும் பலனை அந்தச் சராசரி முழுதாகச் சொல்லிவிடாது.

அந்த நிறுவனம் பிறந்தது நம் குன்னூரில்தான். 1918இல் பாஸ்டர் நிலையத்தின் ஒரே அறையில் ராபர்ட் மெக்கரிசன் என்ற மருத்துவர், பெரிபெரி என்ற சத்துக்குறை நோயை ஆராயத் தொடங்கிய கூடம் வளர்ந்து, 1958இல் ஹைதராபாத்துக்கு இடம் மாறியது. குன்னூரில் மெக்கரிசன், இந்தியாவின் பல பகுதி மக்கள் சாப்பிடும் சாப்பாட்டை எலிக்கூட்டங்களுக்குத் தனித்தனியாகக் கொடுத்து வளர்த்துப் பார்த்தார். கோதுமை, பால், பருப்பு, கீரை அடங்கிய சீக்கியர் உணவில் வளர்ந்த எலிகள் நன்றாகக் கொழுத்தன. சென்னை மாகாணத்து அரிசிச் சாப்பாட்டில் வளர்ந்தவை கடைசி வரிசையில் நின்றன. எலியை வைத்து மனிதனுக்குத் தீர்ப்பெழுத முடியாது. குறையும் புரதத்தில் மட்டும் இல்லை. இருந்தாலும் நூறு வருடத்துக்கு முன்பே நீலகிரி மலையில் ஒருவர் நம் இலையை எடைபோட்டுப் பார்த்துவிட்டார் என்பது எனக்குச் சாதாரண விஷயமாகப் படவில்லை.

என் அம்மாவின் இலையை நான் எடைபோட்டது போன வருடம். அவருக்கு 71 வயது. டெங்கு காய்ச்சலில் ஒன்பது நாள் மருத்துவமனையில் படுத்திருந்து வீடு திரும்பினார். தட்டணுக்கள் ஏறிவிட்டன, காய்ச்சல் இல்லை, எல்லாம் சரி என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, வழக்கம்போல அரிவாள்மனை முன்னால் உட்கார்ந்து கீரை ஆய்ந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. ஒரு கையை முழங்காலில் ஊன்றினார், இன்னொரு கையைச் சுவரில் வைத்தார், பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்துவிட்டார். "காலு என்னோடது மாதிரியே இல்லடா" என்றார். அழவில்லை. ஆனால் அன்றைக்கு முழுக்க அதிகம் பேசவும் இல்லை.

அந்தக் காலுக்கு என்ன ஆனது என்பதற்கு விடை 2007இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் இருக்கிறது. நோய் எதுவும் இல்லாத முதியவர்கள் 12 பேரைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்தார்கள். சாப்பாட்டில் பரிந்துரைத்த அளவு புரதம் இருந்தது. பத்தாம் நாள் அவர்களுடைய கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை குறைந்திருந்தது. புதிய தசைப் புரதம் உருவாகும் வேகம் 30 சதவீதம் விழுந்திருந்தது. காய்ச்சலும் பசியின்மையும் இல்லாத உடம்புக்கே இது. நோயும் சேர்ந்தால் கணக்கு இன்னும் மோசமாகும்.

வயதோடு தசை கரைவதற்கு 'சார்கோபீனியா' என்ற பெயரை இர்வின் ரோசன்பர்க் 1980களின் கடைசியில்தான் சூட்டினார். கிரேக்க மொழியில் சதைக்குறைவு என்று பொருள். அமெரிக்க மருத்துவக் குறியீட்டுப் பட்டியலில் அது ஒரு நோயாக இடம்பெற்றது 2016இல். பெயர் வருவதற்கு முன்பு, 'வயசாயிடுச்சு' என்ற ஒற்றைச் சொல்லில் எல்லாம் அடங்கிவிட்டது. ஸ்வீடனில் யான் லெக்ஸல் குழுவினர் 1988இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைக் கண்முன் கொண்டுவந்து நிறுத்துகிறது. நோயில்லாமல் வாழ்ந்து திடீரென்று இறந்த 43 ஆண்களின் தொடைத் தசையை முழுக் குறுக்குவெட்டாக அறுத்து, இழை இழையாக எண்ணினார்கள். 20 வயதுக்கும் 80 வயதுக்கும் இடையில் தசையின் பரப்பு 40 சதவீதம் குறைந்திருந்தது. இழைகள் மெலிந்தது ஒரு பங்கு; எண்ணிக்கையே குறைந்துபோனதுதான் பெரும்பங்கு. குறைவு தொடங்கியது 25 வயதை ஒட்டி. முதலில் மெலிபவை வேக இழைகள். கால் இடறும்போது சட்டென்று மறுகாலை முன்வைத்து விழாமல் காப்பவை அவைதான். பாட்டி 'சும்மா நின்ன இடத்துல விழுந்துட்டாங்க' என்று சொல்கிறோமே, அது பல நேரங்களில் அந்த இழைகள் இல்லாமல் போனதன் விளைவு.

வயதான தசைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அதே அளவு புரதத்துக்கு அது குறைவாகவே அசைந்துகொடுக்கிறது. ஒரு வேளையில் தசை உருவாக்கத்தை உச்சத்துக்குக் கொண்டுபோக இளைஞர்களுக்கு உடல் எடைக் கிலோவுக்கு 0.24 கிராம் புரதம் போதுமானதாக இருந்தது, முதியவர்களுக்கு 0.40 கிராம் தேவைப்பட்டது. 2015இல் வெளிவந்த கணக்கு இது. 60 கிலோ எடையுள்ள பேரனுக்கு ஒரு வேளைக்கு 14 கிராம் என்றால், அதே எடையுள்ள தாத்தாவுக்கு 24. நம் வீட்டுப் பந்தியில் யாருக்கு எது போகிறது என்று யோசித்துப் பாருங்கள். முட்டையும் மீன் துண்டும் "வளர்ற பிள்ளை" தட்டுக்குப் போகும். பல் போன பெரியவருக்கு ரசம் சாதம், ராத்திரி இரண்டு இட்லி. "வயசானா சாப்பாட்டைக் குறைக்கணும்" என்ற நம் வழக்கு, சோற்றைப் பொறுத்தவரை சரியாக இருக்கலாம். பருப்புக்கும் முட்டைக்கும் அதையே பொருத்துவது பெரிய தவறு. முதியவர்களுக்குக் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்று 2013இல் ஒரு பன்னாட்டு நிபுணர் குழு பரிந்துரைத்தது.

அம்மாவின் எடை 52 கிலோ. காலையில் மூன்று இட்லி, சாம்பார், மதியம் சாதம், ரசம், ஒரு பொரியல், கொஞ்சம் மோர், இரண்டு காபி, ராத்திரி இரண்டு இட்லி. கூட்டிப் பார்த்தால் 35 கிராமைத் தாண்டவில்லை. தேவை 52இலிருந்து 62 வரை. காய்ச்சலுக்குப் பிறகு நாக்கில் ருசியில்லாமல் அந்த 35உம் பாதியாகியிருந்தது. அப்போது நான் பவுடர் வாங்கினேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். மென்று விழுங்கத் தெம்பில்லாதவருக்கு, ஒரு டம்ளர் மோரில் கரைத்துக் கொடுக்க முடிகிற 20 கிராம் புரதம் அந்த இரண்டு மாதத்துக்கு உண்மையிலேயே கைகொடுத்தது. டப்பாவுக்கு நியாயமான இடம் என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான்: சாப்பாட்டால் எட்ட முடியாத வேளை.

பசி திரும்பியதும் டப்பாவை நிறுத்திவிட்டோம். காலையில் இரண்டு முட்டை, 12 கிராம். முட்டை வேண்டாத நாளில் பாசிப்பருப்பு அடை. மதியம் மத்தி மீன் அல்லது கெட்டிப் பருப்பு. சாயங்காலம் கொண்டைக்கடலைச் சுண்டல், பல்லுக்கு இதமாகக் குழைய வேகவைத்து. பாலில் கொழுப்பு நீக்கிய பால் பவுடர் இரண்டு கரண்டி. அதன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புரதம், விலையும் குறைவு. மீல் மேக்கரில் பாதி எடை புரதம்தான்; அம்மாவுக்கு அதன் வாசம் பிடிக்கவில்லை, விட்டுவிட்டோம். தசை உருவாக்கத்தை முடுக்கிவிடுவதில் லியூசின் என்ற அமினோ அமிலத்துக்குத் தனிப் பங்கு உண்டு. பாலிலிருந்து பிரித்தெடுக்கும் வே புரோட்டீனில் அது நிறைய. பருப்பில் சற்றுக் குறைவு. அதற்காகப் பருப்பு வீண் என்று ஆகிவிடாது. கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். அரிசியில் குறைகிற லைசினைப் பருப்பு ஈடுகட்டுகிறது, பருப்பில் குறைகிற மெத்தியோனினை அரிசி ஈடுகட்டுகிறது. இட்லி மாவில் உளுந்தைச் சேர்த்தவர்களுக்கு அமினோ அமிலத்தின் பெயர் தெரிந்திருக்காது, கைப்பக்குவம் தெரிந்திருந்தது.

டப்பா விஷயத்தில் விலையையும் தரத்தையும் பேசாமல் இருக்க முடியாது. ஒரு ஸ்கூப் வே புரோட்டீனில் 24 கிராம் புரதம் என்று எழுதியிருக்கும். பிராண்டைப் பொறுத்து அதன் விலை 60இலிருந்து 100 ரூபாய். நாலு முட்டையில் அதே அளவு கிடைக்கும், 30 ரூபாயை ஒட்டி. சரி, வசதிக்காகக் கொடுக்கும் விலை என்று வைத்துக்கொள்வோம். எழுதியிருப்பது உள்ளே இருக்கிறதா? கேரளத்தைச் சேர்ந்த மருத்துவர்கள் முன்னெடுத்து, இந்தியச் சந்தையில் விற்கும் 36 புரதப் பவுடர்களைச் சோதித்த ஆய்வு 2024இல் வெளிவந்தது. ஏறக்குறைய 70 சதவீத டப்பாக்களில் புரத அளவு பற்றிய தகவல் தப்பாக இருந்தது. சிலவற்றில் சொன்னதில் பாதிதான். 14 சதவீதத்தில் அஃப்ளடாக்சின் என்ற பூஞ்சை நச்சு, 8 சதவீதத்தில் பூச்சிமருந்து எச்சம்.

அளவில் ஏமாற்றுவது எப்படிச் சாத்தியமாகிறது என்றால், புரதத்தை அளக்கும் முறையிலேயே ஓர் ஓட்டை இருக்கிறது. கோபன்ஹேகனில் யோஹான் கெல்டால் 1883இல் வகுத்த முறை அது. பொருளில் உள்ள நைட்ரஜனை அளந்து 6.25 ஆல் பெருக்கி, அதைப் புரதம் என்று எழுதுவார்கள். நைட்ரஜன் எங்கிருந்து வந்தது என்று அந்தச் சோதனை கேட்பதில்லை. விலை மலிவான கிளைசின், டாரின் போன்றவற்றைக் கலந்தாலும் எண் ஏறும். சீனாவில் 2008இல் குழந்தைகளுக்கான பால் பவுடரில் நைட்ரஜன் மிகுந்த மெலமைன் என்ற வேதிப்பொருளைக் கலந்தது இதே ஓட்டை வழியாகத்தான். ஆறு குழந்தைகள் இறந்தார்கள். பொறுக்க முடியாத விஷயம் அது. நம் நாட்டில், கூலிவேலை பார்த்து மிச்சம் பிடித்த பணத்தில் டப்பா வாங்கும் பையன் ஒருவனுக்கு, உள்ளே என்ன இருக்கிறது என்று யாராவது சோதித்துச் சொல்ல வேண்டும். தனியார் முயற்சியால் 36 டப்பாக்கள் சோதிக்கப்பட்ட பிறகுதானா நமக்குத் தெரிய வேண்டும்? 2024 மே மாதம் வெளிவந்த தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் உணவு வழிகாட்டி, உடம்பு ஏற்றுவதற்காகப் புரதச் சப்ளிமெண்ட் எடுப்பதைத் தவிர்க்கச் சொல்கிறது. சரியான அறிவுரை. ஆனால் அறிவுரையோடு அங்காடியில் கண்காணிப்பும் வேண்டும்.

சிறுநீரகம் கெட்டுப்போகும் என்ற பயத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். ஆரோக்கியமான சிறுநீரகத்தை அதிகப் புரதம் கெடுக்கிறது என்பதற்கு ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. ஏற்கெனவே பழுதுபட்ட சிறுநீரகத்தின் கதை வேறு; அங்கே புரத அளவை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். நம் நாட்டில் சர்க்கரை நோயுள்ளவர்கள் 10 கோடிக்கு மேல் என்று, சென்னை நீரிழிவு ஆய்வு அறக்கட்டளை நடத்திய தேசிய ஆய்வு 2023இல் கணக்குச் சொன்னது. சர்க்கரை நோய் சத்தமில்லாமல் சிறுநீரகத்தை அரிப்பது. ஆகவே 40 வயதுக்கு மேற்பட்ட யாரும் புரதத்தைக் கூட்டுவதற்கு முன்னால் ரத்தத்தில் கிரியேட்டினின், சிறுநீரில் ஆல்புமின் இரண்டையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. அம்மாவுக்கும் அதைத்தான் முதலில் பார்த்தோம்.

அதே சர்க்கரை நோய்க்கும் தசைக்கும் உள்ள உறவு தனிக் கட்டுரைக்குரியது. சாப்பாட்டுக்குப் பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பகுதியை உள்ளிழுத்துக்கொள்வது எலும்புத் தசைதான். புனேயில் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழுவினர் அளந்தபோது, அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுதாம்ப்டனில் 3.5. எடை குறைந்தாலும் நம் குழந்தைகளுக்குத் தோலடிக் கொழுப்பு அவ்வளவு குறையவில்லை, தசைதான் குறைந்திருந்தது. சிறிய இருப்போடு தொடங்குகிறோம். 25 வயதிலிருந்து கரையத் தொடங்குகிறது. அதனால் இருபதுகளில் ஜிம்முக்குப் போகும் பையன்களைக் கண்டு முகம் சுளிக்கும் பெரியவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அவர்கள் சரியான வேலையைத்தான் செய்கிறார்கள். அந்த வேலையில் அவர்களுடைய அக்கா, தங்கை, அம்மாவும் சேர வேண்டும் என்பதுதான் என் கவலை. "எடை தூக்கினா ஆம்பளை மாதிரி ஆயிடுவேன்" என்ற பயம் ஆதாரமில்லாதது. பெண்களுக்குத் தசை பெருகும் அளவு குறைவு. தங்கள் தொடக்க நிலையோடு ஒப்பிட்டால் முன்னேறும் விகிதம் ஆண்களுக்கு இணையானதுதான். மாதவிடாய் நின்ற பிறகு எலும்பும் தசையும் சேர்ந்து தேயும் உடம்புக்கு இது அவசியம்.

எடை என்று சொன்னதும் பலர் நடைப்பயிற்சியைச் சொல்லித் தப்பிக்கப் பார்ப்பார்கள். நடப்பது இதயத்துக்கு மிக நல்லது. ஆனால் தினமும் அதே தூரம் அதே வேகத்தில் நடக்கும் காலுக்குப் பெரிதாக வளர வேண்டிய காரணம் எதுவும் இல்லை. தசை வளர்வதற்குப் பாரம் படிப்படியாகக் கூட வேண்டும். இதை மருத்துவமனைக்குள் கொண்டுவந்தவர் தாமஸ் டிலோர்ம் என்ற ராணுவ மருத்துவர். இரண்டாம் உலகப்போரில் முழங்கால் அடிபட்டு வந்த வீரர்கள் சிகாகோ மருத்துவமனையில் மாதக்கணக்கில் குணமாகாமல் கிடந்தார்கள். லேசான எடையைப் பலமுறை அசைப்பதுதான் அன்றைய சிகிச்சை. டிலோர்ம் அதைத் தலைகீழாக்கினார்: கனமான எடை, குறைந்த தடவை, வாரத்துக்கு வாரம் எடையைக் கூட்டு. 1945இல் முடிவுகளை வெளியிட்டார். இன்றைக்கு ஜிம்மில் 'மூணு செட், பத்து ரெப்ஸ்' என்று சொல்கிறார்களே, அது அவர் கொஞ்ச காலம் கழித்து எளிமையாக்கிக் கொடுத்த கணக்கு.

நம் ஊர்களில் பலத்தைச் சோதிக்க இளவட்டக்கல் இருந்தது. தென்மாவட்டங்களில் பொங்கலுக்கு இன்றும் தூக்குகிறார்கள். கல் தேர்வு வைக்கும், பாடம் நடத்தாது. பாடம் கர்லாக்கட்டையில் இருந்தது. லேசானதில் தொடங்கிக் கனமானதற்குப் போகும் வரிசை அதில் உண்டு. தேகப் பயிற்சிசாலைகளோடு அந்த வரிசையும் ஆண்களுக்கு மட்டும் என்று நின்றுவிட்டது; அதுவும் இளைஞர்களுக்கு மட்டும்.

டென்மார்க்கில் நடந்த இரண்டு ஆய்வுகள் இந்த வயது வரம்பைக் கேள்வி கேட்கின்றன. ஒன்றில் 65 வயதைத் தாண்டிய 208 பேர் ஒரு வருடம் பங்கேற்றார்கள். வே புரதமோ கொலாஜனோ மட்டும் சாப்பிட்ட முதியவர்களுக்குத் தசை கூடவில்லை, பலமும் கூடவில்லை. கனமான எடைப் பயிற்சியோடு வே புரதம் எடுத்தவர்களிடம் மாற்றம் தெளிவாகத் தெரிந்தது. இன்னொன்றில் ஓய்வுபெறும் வயதிலிருந்த 451 பேர். கனமான எடை தூக்கிய பிரிவினர் ஒரு வருடப் பயிற்சிக்குப் பிறகு, மொத்தம் நாலு வருடம் கழிந்த நிலையிலும் தங்கள் கால் பலத்தைத் தொடக்க அளவில் வைத்திருந்தார்கள். மற்றவர்களுக்கு இறங்கியிருந்தது. ஒரு வருட உழைப்பு இத்தனை நாள் தாங்குகிறது என்பதை நம் ஊர் மருத்துவர்கள் ஒவ்வொரு மருந்துச்சீட்டிலும் எழுதலாம்.

ஃபியட்டரோனி தன் முதல் முயற்சியை 1990இல் வெளியிட்டிருந்தார். சராசரி வயது 90, பத்து பேர் சேர்ந்து ஒன்பது பேர் முடித்தார்கள், எட்டு வாரம். கால் பலம் 174 சதவீதம் கூடியது. இரண்டு பேர் கைத்தடியைக் கீழே வைத்துவிட்டார்கள். 90 வயதில் முடிந்தது 71இல் முடியாதா என்றுதான் அம்மாவிடம் கேட்டேன்.

ஆசிய நிபுணர் குழு ஒன்று 2019இல் சொன்ன சோதனை எளிமையானது. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார வேண்டும். 12 விநாடிக்கு மேல் ஆனால் கவனிக்க வேண்டிய நிலை. அம்மாவுக்கு 23 விநாடி ஆனது, அதுவும் ஜமக்காளத்தை மடித்துப் போட்டு உயர்த்திய நாற்காலியில். அங்கேயே தொடங்கினோம். மருத்துவரிடமும் இயன்முறைப் பயிற்சியாளரிடமும் கேட்டுக்கொண்டு, வாரத்துக்கு மூன்று நாள். சுவரோடு ஒட்டிய நாற்காலி. எட்டு முறை எழுந்து உட்கார்வது, மூச்சு வாங்க இரண்டு நிமிடம், மறுபடி எட்டு. கடைசி இரண்டு தடவை கஷ்டமாக இருக்க வேண்டும். அப்படி இல்லையென்றால் பாரம் போதவில்லை என்று அர்த்தம். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவது. வாசல்படியில் ஏறி இறங்குவது. மூன்றாவது வாரம் ஜமக்காளத்தை எடுத்துவிட்டோம். ஆறாவது வாரம் ஒரு கிலோ அரிசியைத் துணிப்பையில் கட்டி மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தார். முதல் மாதம் தொடை வலிக்கிறது என்று இரண்டு முறை நிறுத்திவிட்டார். வலி வந்தால் ஒரு நாள் தள்ளிப்போடலாம், விட்டுவிடக் கூடாது என்பதில் மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன்.

நாலாவது மாதக் கடைசியில் 12 விநாடிக்குள் வந்துவிட்டார். அரிவாள்மனை முன்னாலிருந்து சுவரைத் தொடாமல் எழுந்த நாளை அவர் கவனிக்கவில்லை. கீரைத் தட்டு கையில் இருந்தது, அதையும் எடுத்துக்கொண்டு எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சமையலறைச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில், பால் கணக்குக்குப் பக்கத்தில் பயிற்சிக் கணக்கையும் பென்சிலால் எழுதி வைக்கிறார். எத்தனை முறை, எத்தனை கிலோ. போன வாரம் வரை ஐந்து கிலோ, எட்டு முறை, மூன்று சுற்று. ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது சுற்றையும் முடித்துவிட்டு, அரிசிப் பையை மடியில் வைத்தபடி மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தவர், பையைக் கையால் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "கடைசி ரெண்டும் இப்ப சுலபமா வருதுடா. நாளான்னைக்கு ஒரு கிலோ கூட்டிப் பாக்கலாமா?"